ஐப்பசியில் படுத்த மனசு தை வந்தால்தான் எழுகிறது – வேலூரில்கூடவா இப்படி வரும்?

தையல்கார_அக்கா, வேலூர்:

எல்லோருக்கும் வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. கொசப்பேட்டை பக்கம் ஒரு சந்தில் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை, மகள் எட்டாவது படிக்கிறாள். மூன்று வருஷமாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். தீபாவளித் துணியெல்லாம் தைத்துக் கொடுத்து முடித்து, அடைமழை பிடித்துக்கொண்டதும் எனக்கு எதிலும் மனசு போகாமல் ஆகிவிடுகிறது. அழுகையாக வருகிறது என்றும் சொல்ல முடியவில்லை. காலையில் விழிப்பு வந்தாலும் உடம்பு பாயை விட்டு எழ மாட்டேன் என்கிறது, ஒன்பது மணி நேரம் தூங்கியும் தூக்கம் தீர்ந்த மாதிரியே இல்லை. மத்தியானம் சோறு இரண்டு தடவை போட்டுக்கொள்கிறேன், அதுக்கு மேல் வாய் இனிப்பைத் தேடுகிறது. போன வாரம் அவர் ஆற்காட்டிலிருந்து நாலு மக்கன் பேடா வாங்கி வந்தார், மூன்றை நானே தின்றுவிட்டேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காலி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மிஷின் மேல் ஒரு பச்சைப் பட்டு ஜாக்கெட் 11 நாளாகக் கிடக்கிறது. எல்லாம் முடிந்தது, ஆறு கொக்கி வைப்பதுதான் பாக்கி. பத்து நிமிஷ வேலை. தினமும் அதைப் பார்க்கிறேன், கை போகவில்லை. அந்த அம்மா இரண்டு தடவை போன் செய்தார்கள், நான் எடுக்கவில்லை. இதே நான் மாசி, பங்குனியில் ஒரு நாளைக்கு ஐந்து ஜாக்கெட் முடிப்பேன். பொங்கல் தாண்டியதும் யாரும் ஒன்றும் செய்யாமலேயே மெல்லச் சரியாகிவிடும், அப்புறம் அடுத்த ஐப்பசி வரை நினைப்புகூட வராது.

மாமியார் நல்லவர்தான், ஆனால் "இன்னாத்துக்கு இப்டி சொவுத்தையே பாத்துனு உக்காந்துனு கீற"ன்னு கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. போனில் தேடினால் குளிர்கால மனச்சோர்வு என்று ஒன்று வருகிறது, ஆனால் அது பனி கொட்டும் நாட்டில், மூன்று மணிக்கே இருட்டும் ஊரில் வருவது என்கிறார்கள். அவரிடம் காட்டினேன், வேலூரில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்டார். அதுவும் சரிதானே? பக்கத்து வீட்டில் மாடி எடுத்த பிறகு பகலிலேயே ட்யூப்லைட் போட்டுத் தைக்கிறேன், கண் வலி வேறு, அதனால் வரும் சோர்வோ என்றும் தோன்றுகிறது. வைட்டமின் டி மாத்திரை வாங்கிப் போடலாமா? இதற்கென்றே ஒரு விளக்கு விற்கிறார்களாமே, அதற்கு அவ்வளவு காசு கொடுப்பது சரியா? மார்கழி பீடை மாதம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தத்துப்_பெண்:

அக்கா, நான் குடியாத்தம். நர்ஸ் வேலைக்காக ஸ்காட்லாந்தில் அபர்தீன் வந்து ஆறு வருஷம் ஆகிறது. நீங்கள் எழுதியதில் தூக்கம், சோறு, இனிப்பு, போனை எடுக்காதது எல்லாமே என் முதல் டிசம்பர். அப்படியே.

இங்கே டிசம்பர் 21 அன்று சூரியன் எட்டே முக்காலுக்கு எழும், மூன்றரைக்கு விழுந்துவிடும். பகல் என்பது ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதிலும் பாதி நாள் மேகம். காலை ஏழுக்கு இருட்டில் பஸ் ஏறி, ஜன்னல் இல்லாத வார்டில் வேலை பார்த்து, இருட்டில் வீடு திரும்புவேன். ஒரு வாரம் முழுக்க நான் வெயிலையே பார்க்கவில்லை என்பது சனிக்கிழமை துணி காயப்போடும்போதுதான் உறைத்தது, அங்கேயே நின்று அழுதேன். என்கூட வேலை செய்த ஒரு அம்மாதான் என்னைப் பிடித்து டாக்டரிடம் அனுப்பினார். 1984-இல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும்தான் இதை ஒரு நோயாக விவரித்து எழுதினார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் இப்படி இருந்தவர்களையெல்லாம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சோம்பேறி என்றுதான்.

விளக்கைப் பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் முகத்துக்கு ஒரு முழம், ஒன்றரை முழம் தள்ளி வைத்துக்கொண்டு காபி குடிப்பேன். விளக்கையே உற்றுப் பார்க்கக்கூடாது, கண் திறந்திருந்தால் போதும். எனக்கு இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் நீங்கள் வாங்காதீர்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே நீங்கள் தைக்கும் இடத்தில் 100, 200 லக்ஸ்தான் இருக்கும். அதே நேரத்தில் மேகம் மூடியிருந்தாலும் வாசலுக்கு வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும், வெயில் அடித்தால் இந்த விளக்கெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. நான் காசு கொடுத்து வாங்குவது உங்கள் வீட்டு மொட்டை மாடியில் சும்மா கிடக்கிறது அக்கா.

வைட்டமின் டி வேறு கணக்கு. மனசுக்கு உதவும் வெளிச்சம் கண் வழியாகப் போகிறது, விழித்திரையிலிருந்து மூளையில் இருக்கும் கடிகாரத்துக்கு விடிந்துவிட்டது என்று சேதி போகும், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது நிற்கும். வைட்டமின் டி தோலில் வெயில் பட்டு உண்டாவது, அதற்குக் காலை இளவெயில் போதாது, பத்து பதினொரு மணிக்கு மேல் வேண்டும், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் கிடைக்காது. அளவு பார்த்து, குறைவாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி போடுங்கள். ஆனால் அதைப் போட்டாலே மனசு சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோட்டைப்_பெரியவர்:

அம்மா, நான் 71 வயதுக்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மார்கழி பீடை மாதம் இல்லை, பீடுடைய மாதம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். காலையில் எழுந்து குளித்து, வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்து, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கோட்டை அகழியை ஒட்டி நடந்து போனாலே மனசு லேசாகும். கையில் வேலை இருந்தால் மனசு தானாக வரும். பெண்டாட்டி இறந்த பிறகு நான் இப்படித்தான் நாட்களைத் தள்ளினேன்.

குடியாத்தத்துப்_பெண்:

தாத்தா, நீங்கள் சொன்ன நடை ரொம்ப நல்லது, நாலு முகம் பார்ப்பதும் நல்லது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மார்கழியில் ஐந்து மணிக்குக் கோலம் போட்டுவிட்டு ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போய் ஆறு மணிக்கு வீட்டுக்குள் வந்துவிட்டால் அவ்வளவும் இருட்டில்தான் நடந்திருக்கும். நம்ம ஊரில் டிசம்பர் கடைசியில் ஆறரை மணி வாக்கில்தான் சூரிய உதயம். இன்னொன்று, பகல் மிகச் சின்னதாக இருப்பது டிசம்பர் 21-ஐ ஒட்டி என்றாலும், உதயம் மிகத் தாமதமாவது ஜனவரி பின்பாதியில்தான். அதனால் அக்கா, கோயிலிலிருந்து வரும் வழியில் ஏழு மணி தாண்டும்வரை வெளியிலேயே இருங்கள். கோலத்தையும் விடிந்த பிறகு போட்டால்தான் என்ன?

கையில் வேலை இருந்தால் மனசு வரும் என்பதில் மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை தாத்தா. அக்கா கையில் வேலை இருக்கிறது. ஆறு கொக்கி 11 நாளாக இருக்கிறது.

ஆற்காட்டு_மேஸ்திரி:

நான் கட்டட வேலை செய்கிறவன், மனசைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பக்கத்து வீட்டில் மாடி எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்தப் பக்கம்? எந்த வருஷம்? உங்களுக்கு இது மூன்று வருஷமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், நம்ம ஊரில் சித்திரையில் சூரியன் உச்சிக்கு நேராக வந்துவிடும், ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் கம்பு நட்டால் நிழலே விழாது. அப்போது பக்கத்தில் எவ்வளவு பெரிய சுவர் இருந்தாலும் உங்கள் முற்றத்தில் வெயில் இறங்கும். மார்கழியில் அப்படி இல்லை. சூரியன் தெற்கே சாய்ந்து போகும், உச்சி வேளையில்கூடத் தெற்கு வானில் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பக்கம் 20 அடிச் சுவர் இருந்தால் மத்தியானம் 12 மணிக்கே சுமார் 15 அடிக்கு நிழல், காலையிலும் சாயங்காலமும் இன்னும் நீளம். அதாவது தெற்கே மாடி எழும்பினால் கோடையில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஐப்பசியிலிருந்து தை வரைதான் வீடு இருண்டு கிடக்கும். நீங்கள் சொல்கிற அதே மாதங்கள்.

தையல்கார_அக்கா, வேலூர்:

அண்ணா, படித்ததும் எழுந்து போய் வாசலில் நின்று பார்த்தேன். தெற்குதான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழைக்கு அவர்கள் வீட்டு ஓடு போய்விட்டது, அதற்கப்புறம்தான் இடித்துவிட்டு இரண்டு மாடி எடுத்தார்கள். அதற்கு முன்னால் என் மிஷின் மேல் காலை ஒன்பது மணிக்கு ஒரு கட்டம் வெயில் விழும். சாக்பீஸ் கோடு தெரிய வேண்டும் என்று அந்தக் கட்டத்துக்கு நேராகத் துணியை நகர்த்தி நகர்த்தி வைப்பேன். அது போனதை நான் வருத்தமாகக்கூட நினைக்கவில்லை, ட்யூப்லைட் வாங்கிப் போட்டோம், அவ்வளவுதான்.

பெரியப்பா, நீங்கள் அன்பாகச் சொன்னீர்கள், நன்றி. தங்கச்சி, அந்தக் கொக்கி விஷயத்தை எனக்காகப் பேசியதற்கு உனக்கும்.

பாகாயம்_சிஸ்டர்:

தாயி, நான் மனநலப் பிரிவில் 31 வருஷம் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். மேஸ்திரி தம்பி பிடித்தது நல்ல பிடி. ஆனாலும் சுவர்தான் காரணம் என்று இங்கே உட்கார்ந்து நாமாக முடிவு கட்டிவிடக்கூடாது.

வேலூரில் வருமா என்று கேட்டாய். வடக்கே போகப் போகத்தான் இது அதிகம், அது உண்மை. நம்ம ஊர் மார்கழிப் பகலே பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, ஆனிப் பகலோடு ஒப்பிட்டால் ஒன்றரை மணி நேரம்தான் குறைவு. ஆனால் ஊரில் எவ்வளவு வெயில் என்பது ஒன்று, உன் கண்ணுக்கு எவ்வளவு போகிறது என்பது வேறொன்று. மழைக்காலம், கீழ் வீடு, நாள் முழுக்கக் குனிந்து தையல். வெயில் ஊரில் இருந்துகொண்டே ஒரு மனுஷி வெயிலைப் பார்க்காமல் இருக்கலாம்.

இனி நான் கேட்பதை வைத்து யோசித்துப் பார். எல்லாம் இங்கே எழுத வேண்டாம். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா? நகம், கண்ணுக்குள் வெளுத்திருக்கிறதா? ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்காமல் மனச்சோர்வு என்று யாரும் முடிவு செய்யக்கூடாது, இரண்டுமே இதே மாதிரி அசதியைக் கொடுக்கும், தைராய்டு குறைந்தால் தூக்கமும் எடையும்கூட ஏறும். அப்புறம் பணம். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண ஜாக்கெட் வராது, கிறிஸ்துமஸ் ஆர்டர் கொஞ்சம் வந்து நின்றுவிடும். வீட்டு வாடகை மட்டும் நிற்காது. அந்தக் கவலையும் மாதத்தைப் பார்த்துத்தான் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. என் வீட்டுக்காரர் போனது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். பல வருஷம் கழித்தும், பரணிலிருந்து அகல் விளக்குக் கூடையை இறக்கும்போதே எனக்குக் கை கால் ஓய்ந்துவிடும், ஏன் என்று தெரியாமல் மாத்திரை தேடுவேன். தேதியை மனசு மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை. இந்த மாதங்களில் உனக்கு யாராவது போனார்களா, ஏதாவது இழந்தாயா என்று நினைத்துப் பார்.

இரண்டு வருஷம் தொடர்ந்து அதே பருவத்தில் வந்து, அதே பருவத்தில் விலகினால் பருவத்தோடு வரும் மனச்சோர்வாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். கோடையில் வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தூக்கமும் பசியும் போய், மனசு பரபரவென்று இருக்கும். உனக்கு ஐப்பசியிலேயே வந்துவிடுகிறது என்பதால், அடுத்த வருஷம் புரட்டாசியிலேயே டாக்டரைப் பார்த்துவிடு, படுத்த பிறகு எழுப்புவதைவிட அது சுலபம். பேச்சு சிகிச்சையும் இதற்கு உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் என்பவர் குழு விளக்கையும் பேச்சு சிகிச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அந்தக் குளிர்காலத்துக்கு இரண்டும் ஒரே மாதிரி உதவின, இரண்டாவது குளிர்காலத்தில் பேச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்குத் திரும்ப வந்தது குறைவு. மழை வந்தாச்சு, இனி தை வரை நான் அவ்வளவுதான் என்று நாமே சொல்லிக்கொண்டு போனை எடுக்காமல், வெளியே போகாமல் இருக்கிறோமே, அதைத்தான் அந்தச் சிகிச்சையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள்.

எங்கே போவது என்றால், அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. போக முடியாத நாளில் 14416-க்குப் போன் செய், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதே, இன்றைக்கே பேசு, வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. அந்த விளக்கை யாரும் தானாக வாங்கி ஆரம்பிக்காதீர்கள். விழித்திரையில் கோளாறு உள்ளவர்கள், முன்பு மனசு அளவுக்கு மீறிப் பொங்கி நாள்கணக்கில் தூங்காமல் இருந்தவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் பயன்படுத்தினால் ஆபத்து.

தையல்கார_அக்கா, வேலூர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். சிஸ்டர் அம்மா, உங்கள் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தார். மறுநாள் லீவு போட்டு என்னை அழைத்துப் போனார். ஹீமோகுளோபின் 9.1, தைராய்டு சரியாக இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மனநல டாக்டரையும் பார்த்தேன், இருபது நிமிஷம் நான் பேசுவதையே கேட்டார், ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார், மாத்திரை வேண்டுமா என்பதை அப்போது பார்க்கலாம் என்றார். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு, அப்படி நினைப்பு வரவில்லை அம்மா. ஆனால் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை.

காலையில் ஏழு மணிக்குக் கை வேலையை எல்லாம் ஒரு முறத்தில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். ஹெம்மிங், கொக்கி, பட்டன், எல்லாம் அங்கே. வீட்டு ஓனர் அம்மாவும் கீரை ஆய எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். முதல் நாலைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை, ஏன் இந்தப் படி ஏறுகிறோம் என்றிருந்தது. பத்தாம் நாள் வாக்கில் மத்தியானம் படுக்காமல் இருந்தேன், சாயங்காலம் மகள் சொல்லித்தான் அதுவே எனக்குத் தெரிந்தது. பச்சை ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா திட்டுவார் என்று நினைத்தேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை, மாடிக்குப் போகவில்லை, மூன்றாம் நாள் மறுபடி பாயிலேயே கிடந்தேன். மேஸ்திரி அண்ணா, மழை நாளுக்கு ஏதாவது வழி இருக்கிறதா? மிஷினை மாடிக்கு ஏற்ற முடியாது.

ஆற்காட்டு_மேஸ்திரி:

ஏற்ற வேண்டாம் தங்கச்சி. மிஷினை முடிந்தால் வாசல் கதவுக்கு நேராக, உன் முகம் வெளியே பார்க்கிற மாதிரி திருப்பிப் போடு. வாசலுக்கு மேல் தகர ஷீட் இருந்தால், ஓனரிடம் கேட்டு அதில் ஒரு ஷீட்டை மட்டும் வெளிச்சம் இறங்குகிற ஃபைபர் ஷீட்டாக மாற்றச் சொல், மழையும் நனைக்காது. அப்புறம் முக்கியமாக ஒன்று, அந்தத் தெற்குச் சுவர் என்ன நிறம்? சிமெண்ட் பூச்சோடு விட்டிருந்தால் அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். உன் பக்கம் பார்க்கிற முகத்துக்கு மட்டும் வெள்ளை அடித்தால் சந்துக்குள்ளே வருகிற வெளிச்சம் உன் வீட்டுக்குள் திரும்பும். பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே போதும்.

தையல்கார_அக்கா, வேலூர்:

வெறும் சிமெண்ட் பூச்சுதான் அண்ணா. இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன், கேட்கவே சங்கடமாக இருந்தது. பொங்கலுக்கு எப்படியும் வெள்ளையடிக்க ஆள் வருகிறான், சாரம் உங்கள் சந்தில்தான் கட்ட வேண்டும், வாசலில் துணி காயப்போடாதே என்று சொல்லியிருக்கிறார்.